எட்டடிப் பலகையில் போடி ஸ்டேஷன்

போடிநாயக்கனூர் ரயில் நிலையத்தை வீட்டுக்குள் கொண்டுவர நான் போட்ட முதல் திட்டம் ஹாலில் தொடங்கி, சமையலறை வாசலைக் கடந்து, பால்கனிக் கதவில் போய் முட்டியது. பழைய செய்தித்தாள்களை ஒட்டித் தரையில் விரித்து, மனதில் இருந்த நிலையத்தை அப்படியே 87-இல் ஒரு பங்காகச் சுருக்கி ஸ்கெட்ச் பேனாவால் வரைந்திருந்தேன். நாலு மீட்டருக்கு மேல் போய்விட்டது. "சரி, இதுல நான் எங்க நின்னு தோசை சுடுறது?" என்றாள் மனைவி. என்னிடம் பதில் இல்லை. தாளைச் சுருட்டி வைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து அதே நிலையம் சுவரோரம் எட்டடி நீளம், ஓரடி அகலமுள்ள ஒரு பலகையில் வந்து உட்கார்ந்தது. எட்டுக்கு நாலடி பிளைவுட் ஷீட்டை நீளவாக்கில் நாலாக அறுத்தால் கிடைக்கும் ஒரு துண்டு, அவ்வளவுதான். இந்த இரண்டு திட்டங்களுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். சின்ன வயதில் பார்த்த ஒரு ஸ்டேஷனை மாதிரியாகச் செய்ய ஆசை இருக்கிறது, இடம் இல்லை என்பவர்களுக்கு உதவும்.

ஏன் போடி? மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகச் சுமார் 90 கிலோமீட்டர் ஓடிவரும் பாதை அங்கே முடிகிறது. அதற்கு மேல் மலை. 1928-இல் திறந்த மீட்டர் கேஜ் பாதை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடி, 1950களில் மறுபடி திறந்தார்கள். 2010 கடைசியில் அகலப் பாதையாக்குவதற்காக மீண்டும் மூடினார்கள். போடிக்கு ரயில் திரும்பியது 2023 ஜூனில். நான் பார்த்து வளர்ந்த ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம் இன்று அங்கே இல்லை. எனக்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது: பாதை முடிகிற ஊர் சின்ன இடத்துக்கு ரொம்பத் தோதானது. ஒரு பக்கம் மட்டும்தான் ரயில் வரும், போகும். நடுவழி நிலையம் என்றால் இரண்டு பக்கமும் ரயிலை எங்கேயாவது கொண்டுபோய் மறைக்க வேண்டும்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். புதிதாக வருபவர்கள் எல்லாரும் குழம்பும் இடம் இது. ஸ்கேல் என்பது நிஜப் பொருள் எத்தனை மடங்கு சிறிதாகிறது என்பது. கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி. கடையில் "ஹெச்ஓ" (HO), "என்" (N) என்று சொல்லி விற்பவை பெரும்பாலும் 1,435 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைகளை மனதில் வைத்துச் செய்தவை. ஹெச்ஓ என்றால் 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. என் என்றால் 1:160, இடைவெளி 9 மி.மீ. நம்முடைய அகலப் பாதை 1,676 மி.மீ., மீட்டர் கேஜ் பெயருக்கேற்றபடி 1,000 மி.மீ. இரண்டுமே இந்தக் கடைச் சரக்கோடு நேராகப் பொருந்தாது.

ஆனால் மீட்டர் கேஜ்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. ஆயிரத்தை 120-ஆல் வகுத்துப் பாருங்கள்: 8.3. கடையில் சுலபமாகக் கிடைக்கும் 9 மி.மீ. தண்டவாளத்துக்கு அது கிட்டத்தட்டச் சமம். 1:120 என்பதும் நானாகக் கண்டுபிடித்ததல்ல, டிடி என்ற பெயரில் ரொம்ப நாளாகப் புழக்கத்தில் உள்ள ஸ்கேல்தான். ஆக, "என்" கேஜ் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் வாங்கிக்கொண்டு, அதன் மேல் உட்காரும் எல்லாவற்றையும் 1:120-இல் செய்தால் மீட்டர் கேஜ் வந்துவிடும். 1:87-இல் செய்ய வேண்டுமானால் 12 மி.மீ. தண்டவாளம் வேண்டும். அதுவும் கிடைக்கிறது, பார்க்கவும் அழகு, ஆனால் இடத்தைத் தின்னும். 1:160-இல் 6.5 மி.மீ. தண்டவாளம், அது மிகச் சன்னம். என் விரல்களுக்கும் கண்ணாடிக்கும் அது சரிப்படவில்லை.

ஸ்கேலைக் குறைத்துக்கொண்டே போனால் இடப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பத்துப் பெட்டி நிற்கும் 200 மீட்டர் பிளாட்பாரம் 1:120-இல்கூட கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மீட்டர் வரும். அதற்கு இரு பக்கமும் பாயின்ட்ஸ் (வண்டியை ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்குத் திருப்பும் இடம்), அப்புறம் ஊருக்கு வெளியே கொஞ்ச தூரம் என்று கூட்டினால் மறுபடியும் சமையலறை வாசலுக்கே போய்விடுவோம். இங்கேதான் இந்தக் கலையின் மையமான விஷயம் வருகிறது. தெரிந்தெடுத்துச் சுருக்குவது. எல்லாவற்றையும் ஒரே அளவில் குறைக்காமல், சிலவற்றை முழு அளவில் வைத்து, சிலவற்றை வெட்டி, சிலவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவது.

எதை வெட்டலாம், எதைக் கூடாது? எனக்கு ஒரு விதி கைகொடுத்தது: மனிதன் தொடும் பொருளைக் குறைக்காதே, மனிதன் நடக்கும் தூரத்தைக் குறை. கதவு, பெஞ்சு, டிக்கெட் ஜன்னல், மஞ்சள் பெயர்ப் பலகை, பெட்டியின் படிக்கட்டு இவையெல்லாம் ஸ்கேலுக்குச் சரியாக இருக்க வேண்டும். ஐந்தரை அடி ஆள் 1:120-இல் 14 மி.மீ. இருப்பார், அவருக்கு ஏழடிக் கதவு 18 மி.மீ. அதில் 3 மி.மீ. பிசகினாலும் கண் உடனே கண்டுபிடித்துவிடும். ஆனால் பிளாட்பாரத்தில் பாதியைக் காணோம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நிலையக் கட்டடத்தில் ஐந்து வாசல் இருந்தால் மூன்று போதும்; ஆனால் அந்த மூன்றும் முழு உயரத்தில், சரியான இடைவெளியில் இருக்க வேண்டும். ஐந்து வாசலையும் சேர்த்து நெருக்கினால் அது பொம்மை வீடு.

பெட்டிகளுக்கும் இதே கதைதான். மீட்டர் கேஜ் பெட்டி ஒன்று இருபது மீட்டருக்குச் சற்றுக் குறைவு, 1:120-இல் 16 செ.மீ. பெட்டியின் நீளத்தைக் குறைக்கக் கூடாது, எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். இரண்டு பெட்டி என்றால் ஏதோ குறைகிறது. மூன்று வந்ததும் கண் அதை "ரயில்" என்று ஒப்புக்கொண்டுவிடுகிறது. நாலாவது பெட்டி ஆடம்பரம். என்னிடம் இருப்பது மூன்று.

வெட்டுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த ஸ்டேஷனில் சின்ன வயதில் நீங்கள் உண்மையில் எதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்? நான் முதல் திட்டத்தில் தண்ணீர்த் தொட்டி, கூட்ஸ் ஷெட், குவார்ட்டர்ஸ், சைக்கிள் ஸ்டாண்டு என்று எல்லாவற்றையும் போட்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அவற்றை நான் பார்த்ததே இல்லை, கடந்து போயிருக்கிறேன், அவ்வளவுதான். நான் பார்த்தது ஒன்றே ஒன்று. வண்டி வந்து நின்றதும் இன்ஜினைக் கழற்றுவார்கள். அது தனியாக முன்னே போய்ப் பாயின்ட்ஸைத் தாண்டி நிற்கும். பாயின்ட்ஸை மாற்றியதும் பக்கத்து லைனில் பின்னாலேயே வண்டி நீளம் முழுக்க ஓடும். அந்தப் பக்கப் பாயின்ட்ஸையும் தாண்டி நின்று, திரும்ப வந்து, கடைசிப் பெட்டியோடு 'டங்'கென்று ஒட்டும். கடைசிப் பெட்டி முதல் பெட்டி ஆகிவிடும். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு இதைப் பார்த்து முடித்தால்தான் வீட்டுக்குக் கிளம்புவேன்.

ஆக என் போடி ஸ்டேஷன் என்பது இன்ஜின் தலைமாறுகிற ஒரு லூப் லைன், அதாவது பிரிந்து போய் மறுபடி வந்து சேரும் அந்தப் பக்கத்து லைன். அதற்கு வேண்டியதை மட்டும் கணக்குப் போட்டேன். இன்ஜின் முன்னே போய் நிற்க 15 செ.மீ.; இரண்டு பாயின்ட்ஸ், ஒன்று 13 வீதம் 26; நடுவில் மூன்று பெட்டி நிற்க 50; லூப் விலகிச் சேரும் இடத்தில் வண்டி உரசாமல் இருக்க 10. மொத்தம் 101 செ.மீ. எட்டடி என்பது 244. மீதி 143-இல், முழு வண்டியும் போய் மறைந்து நிற்க 70 வேண்டும். மிச்சம் 73 செ.மீ. தேனிப் பக்கத்து வயல்வெளி. இதே கணக்கை 1:87-இல் போட்டால் வயல்வெளிக்கு மிஞ்சுவது ஒரு சாண் இருக்காது. ஸ்கேலைத் தேர்ந்தெடுப்பது என்பது எப்போதும் இந்த மாதிரிக் கூட்டல் கழித்தலில்தான் முடியும், ஆசையில் அல்ல.

வட்டமாகச் சுற்ற விட்டால் என்ன என்று பலர் கேட்பார்கள். ரயில் நிற்காமல் ஓடுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பெட்டி நீளத்தைப்போல மூன்று மடங்காவது வளைவின் ஆரம் இருந்தால்தான் பார்வைக்கு உறுத்தாது. 16 செ.மீ. பெட்டிக்கு 48 செ.மீ. ஆரம், அதாவது கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகல மேசை. அதைவிட இறுக்கி வளைத்தால் ரயில் ஓடும், ஆனால் பெட்டிகளின் மூலைகள் ஒவ்வொன்றும் வெளியே துருத்திக்கொண்டு போகும். சுவரோரப் பலகைக்கு நேர்ப்பாதைதான் ஒத்துவரும்.

வண்டி மறைந்து நிற்கிற அந்த 70 செ.மீ. பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதுதான் "மதுரை". தேனியும் ஆண்டிபட்டியும் உசிலம்பட்டியும் எல்லாம் அதற்குள் அடக்கம். வண்டி காட்சியிலிருந்து விலகி அங்கே போய் நிற்கும், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வரும். பார்ப்பவருக்கு அது எங்கிருந்தோ வருவதாகத் தோன்ற வேண்டுமானால், காட்சிக்கும் மறைவிடத்துக்கும் நடுவில் ஏதாவது ஒரு மறைப்பு வேண்டும். பிரிட்டிஷ் மாதிரிகளில் பெரும்பாலும் தண்டவாளத்துக்கு மேலே குறுக்காகப் போகும் கல் பாலம் ஒன்றை வைத்துவிடுவார்கள். நம் ஊர் வயல்வெளியில் பாலத்தைக் கொண்டுவந்து வைத்தால் பார்த்ததும் பொய் என்று தெரிந்துவிடும். நான் தென்னந்தோப்பைத் தேர்ந்தெடுத்தேன். தேனிப் பக்கம் தோப்புக்குப் பஞ்சமில்லை. முன்வரிசை, பின்வரிசை என்று நெருக்கமாக நட்டு, நடுவில் வண்டி நுழைகிற அளவுக்குச் சந்து விட்டால் போதும்.

மலையைச் செய்யவே வேண்டாம். இது எனக்குக் கடைசியில்தான் உறைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தெர்மாகோலில் செதுக்க ஆரம்பித்து, ரப்பர் பசையால் ஒட்டப்போய், பசை தெர்மாகோலைக் கரைத்துக் குழி குழியாக்கிவிட்டது. (தெர்மாகோலுக்குப் பெவிகால் மாதிரி வெள்ளைப் பசைதான் சரி.) அப்புறம் யோசித்தேன்: ஓரடி அகலத்தில் மலை வைத்தால் ஸ்டேஷன் எங்கே? பின்னால் நிற்கும் மெல்லிய பலகையில் மலையை வரைந்துவிட்டேன். வரையும்போது ஒரே ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தூரத்து மலை பச்சை அல்ல, வெளிறிய நீலச் சாம்பல். கிட்டத்து மலையை அதைவிடச் சற்று அழுத்தமாகப் போடலாம். அடர்பச்சையை எடுத்து அப்பினால் மலை ஸ்டேஷன் கூரை மேல் வந்து உட்கார்ந்துவிடும்.

கட்டடத்தையும் முழுதாகக் கட்டவில்லை. பிளாட்பாரத்தைப் பார்த்த முகப்பும் அதற்குப் பின்னால் மூன்று செ.மீ. ஆழமும் மட்டும், மீதி பின்பலகையோடு ஒட்டிவிட்டது. அளவு எடுப்பது எப்படி என்ற கவலை வேண்டாம். பழைய போட்டோ ஏதாவது ஒன்றில் தண்டவாளம் நேராகத் தெரிந்தால், அதற்குள்ளேயே ஸ்கேல் இருக்கிறது: இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் மிகச் சரியாக ஒரு மீட்டர். அதே தூரத்திலுள்ள எதையும் அதை வைத்து அளந்துவிடலாம். கட்டடம் மட்டும் தெரிகிற படமானால் கதவைப் பிடித்துக்கொள்ளுங்கள். குடும்ப ஆல்பங்களைத் துழாவுங்கள். கல்யாணத்துக்கு வந்தவர்களை வழியனுப்பப் போனபோது எடுத்த படங்களில் பின்னணியில் ஸ்டேஷன் இருக்கும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களுக்குத் திரும்பிப் போகும் வசதி இருக்கிறது, லைன்கள் எப்படிப் பிரிந்தன என்று பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

எந்த ஆண்டு என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். 1990களின் தொடக்கம் என்றால் பெட்டிகள் செங்காவி கலந்த அரக்கு நிறத்தில் இருக்கும். பத்து வருடம் கழித்து என்றால் நீலம். இரண்டும் ஞாபகத்தில் இருக்கிறதே என்று இரண்டையும் கலந்தால் எந்த நாளும் இல்லாத ஒரு நாள் வந்துவிடும். நான் அரக்கை எடுத்துக்கொண்டேன்.

இன்ஜின்தான் கஷ்டமான பகுதி. மீட்டர் கேஜ் டீசல் என்றால் நம் தலைமுறைக்கு ஒய்டிஎம்-4. அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு. பின்னர் வாரணாசியில் செய்தார்கள். ஆறு அச்சு, நீண்ட மூக்கு, ஒரு முனைக்குப் பக்கத்தில் டிரைவர் அறை. 1:120-இல் இதைக் கடையில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் அமெரிக்க ரயில்களின் ஆறு அச்சு டீசல் மாதிரிகள் "என்" கேஜில் நிறைய வருகின்றன. நிஜத்தில் அவை ஒய்டிஎம்-4-ஐவிட ரொம்ப நீளம். ஆனால் 160-இல் ஒன்றாகச் சுருங்கியபின் 13 செ.மீ. அளவில் நிற்கின்றன, நமக்கு 1:120-இல் வேண்டிய நீளத்துக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. மேல்மூடியைக் கழற்றிவிட்டு, மோட்டாரும் சக்கரமும் உள்ள அடிப்பாகத்தின் மேல் ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டில் உடம்பைக் கட்டலாம். முப்பரிமாண அச்சு இயந்திரம் உள்ள நண்பர் இருந்தால் வேலை பாதியாகும். பெட்டிகளுக்கு அட்டையே போதும், உள்ளே குறுக்குத் தடுப்புகள் கொடுத்து வார்னிஷ் அடித்தால் மழைக்காலத்திலும் வளையாது.

தண்டவாளம் போடும்போது ஒரு நுணுக்கம். "என்" கேஜ் தண்டவாளத்தின் ஸ்லீப்பர் கட்டைகள் 16 மி.மீ. நீளம். மீட்டர் கேஜின் ஆறடி மரக்கட்டை 1:120-இல் 15 மி.மீ. நீளம் சரியாகவே இருக்கிறது. ஆனால் கட்டைகள் நமக்கு ரொம்ப நெருக்கம். வளையும் தண்டவாளத்தை வாங்கி, கட்டைகளை இணைக்கும் அடிப்பட்டையை வெட்டி, ஒவ்வொன்றையும் நகர்த்தி, ஒரு கட்டையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு ஆறு மி.மீ. இருக்கும்படி வையுங்கள். ஒரு சாயங்கால வேலைதான். முடித்ததும் தண்டவாளம் சட்டென்று நம் ஊர்க் கிளைப்பாதை ஆகிவிடும். இத்தனை வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஜல்லிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஐந்து செ.மீ. கல் 1:120-இல் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. எம்-சாண்டை டீ வடிகட்டியில் சலித்து, கீழே விழுவதை எடுத்துக்கொண்டால் சரியாக இருக்கும். காய்ந்த மணலைக் கட்டைகளுக்கு நடுவில் தூவி, தூரிகையால் ஒழுங்குபடுத்தி, பெவிகாலையும் தண்ணீரையும் சம அளவு கலந்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டுச் சேர்த்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அந்தச் சோப்புச் சொட்டு இல்லாவிட்டால் பசை மணல் மேலேயே உருண்டு நிற்கும், உள்ளே இறங்காது. பாயின்ட்ஸின் நகரும் பகுதிக்குப் பக்கத்தில் மட்டும் பசையே வேண்டாம். ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அது பாயின்ட்ஸ் அல்ல, வெறும் தண்டவாளம்.

மின்சாரத்துக்கு 12 வோல்ட் டிசி போதும். இரண்டு தண்டவாளத்துக்கும் பிளஸ், மைனஸ். மாற்றிக் கொடுத்தால் இன்ஜின் பின்னால் போகும். பல இன்ஜின்களைத் தனித்தனியாக ஓட்டும் டிஜிட்டல் முறைகள் உண்டு. ஒரே இன்ஜின் வந்துபோன ஸ்டேஷனுக்கு அது எதற்கு? ஒன்றில் மட்டும் சோம்பல்படாதீர்கள்: தண்டவாளத் துண்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒயர் பற்றவையுங்கள். இணைப்புத் தகட்டை நம்பினால் ஈரக்காற்றில் கறுத்து, ஆறு மாதத்தில் இன்ஜின் திக்கித் திக்கி ஓடும். மேலே சீலிங் ஃபேன் இருந்தால் தூசிக்கும் ஒரு மூடி செய்துவிடுங்கள்.

பலகையை மேசை உயரத்தில் வைக்காமல் மார்பு உயரத்தில் சுவரில் மாட்டினேன். மேலிருந்து பார்த்தால் எந்த ஸ்டேஷனும் வரைபடம்தான். கண் கொஞ்சம் தாழ்ந்து பிளாட்பாரத்துக்குப் பக்கத்தில் வந்தால், மூன்று பெட்டி வண்டி பின்னாலிருக்கும் கட்டடத்தை மறைக்கிறது; இன்ஜின் பக்கத்து லைனில் ஓடும்போது பெட்டிகளையும் மறைத்துக்கொண்டு போகிறது. ஆறு வயதில் மாமாவின் இடுப்பளவு உயரத்திலிருந்து பார்த்தது அப்படித்தான் இருந்தது.

செய்ய நினைப்பவர்கள் பிளைவுட் வாங்குவதற்கு முன் செய்தித்தாளில் ஆரம்பிக்கலாம். 16 செ.மீ. அட்டைத் துண்டு மூன்று, 13 செ.மீ. துண்டு ஒன்று வெட்டிக்கொண்டு, பாயின்ட்ஸை வரைந்து, கையால் தள்ளித் தள்ளித் தலைமாற்றிப் பாருங்கள். எங்கே இடிக்கிறது, எங்கே பத்து செ.மீ. மிச்சம் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். எனக்கு வயல்வெளிப் பக்கம் கொஞ்சம் மிச்சம் வந்தது. அங்கே ஒரு கேட்டும், சைக்கிளோடு காத்திருக்கும் ஒருவரும் வந்தார்கள்.

தென்னை மட்டும் இன்னும் பாக்கி. தோப்பு தோப்பாகத் தெரிய முப்பது மரமாவது வேண்டும். ஒவ்வொரு ஓலையையும் தாளில் கத்தரித்துச் சிலுப்ப வேண்டியிருப்பதால் இதுவரை பதினொன்றுதான் ஆகியிருக்கிறது. அதுவரைக்கும் மதுரைக்கும் போடிக்கும் நடுவில் ஒரு காலண்டர் அட்டை நிற்கிறது.